காது குறைந்த பட்டாளத்துக் குதிரை

கண்ணு,

திருப்பூர் மண்ணரைச் சீமையின் பனியன் சக்கரவர்த்தியும், நாற்பது தையல் மிஷின்களின் நாயகனும், கரண்ட் நின்றால் அந்த நாற்பதோடும் சேர்ந்து தானும் நின்றுவிடுகிறவனுமான உன் அப்பன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கம்மா நலம். கல்யாண வேலைகள் நலம். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நலமாக இல்லை. டாக்டரிடம் காட்டுகிற நோவு இல்லை. ஒரு கவர் பண்ணின வேலை. வெள்ளிக்கிழமை காலை நீ சென்னை வண்டியில் வந்து இறங்கியதும், சரக்கு வாங்குகிற பையர் என்ன சொன்னான், எத்தனை டஜன் கேட்டான் என்றெல்லாம் எனக்குச் சொல்வதற்கு முன்னால், ஒரு காபியைக் குடித்துவிட்டு இதைப் படித்துவிடு. இது மூடின கடிதம் இல்லை. உங்கம்மா ஏற்கெனவே படித்துவிட்டாள், இரண்டு இடத்தில் என்னைத் திட்டியும்விட்டாள். கட்டிங் மாஸ்டர் படித்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் யாராவது எழுந்து நின்று உரக்கப் படித்தாலும் சரி, எனக்குச் சம்மதம். யார் படித்தாலும் கடைசியில் கையெழுத்துப் போடவேண்டியவன் நீதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நெஞ்சுக்குள் ஓடுகிற மிஷின் நிற்காது. வீரபாண்டி பழைய படைவீரர் சங்கத்துக்கு அனுப்பவேண்டும் என்று வக்கீலிடம் எழுதி வாங்கி, கவரில் போட்டுப் பெயர் எழுதி, மேசைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனாயே, அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. தபாலில் போகவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். உலகத்தில் கோர்ட்டு என்று ஒன்று உண்டான நாள் முதல் இப்படி ஒரு நோட்டீஸ் எந்த மனிதனுக்கும் கொடுக்கப்பட்டிருக்காது.

எதையும் ஒன்பது மடங்காக்கிச் சொல்கிறவன் உன் அப்பன் என்பது உனக்குத் தெரியும். நொய்யலில் வெள்ளம் வந்தபோது கழுத்தளவுத் தண்ணீரில் பனியன் மூட்டையைத் தலையில் சுமந்து வந்தேன் என்று உனக்குச் சொன்னேன், முழங்காலளவுதான். அதனால் இந்தக் கடிதத்திலும் நீ உன் வழக்கப்படி பாதியைக் கழித்துக்கொள். தேவசகாயம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்கிற இடத்தில் மட்டும் ஒரு சொல்லையும் கழிக்காதே.

அந்தக் கவர்மேல் "திரு. தேவசகாயம், செயலாளர்" என்று எழுதினாயே, எழுதும்போது உன் கை ஒரு நொடியாவது நின்றதா? வக்கீல் குமாஸ்தா சொன்ன பெயரை அப்படியே எழுதினாயா, இல்லை ஆள் யார் என்று தெரிந்தே எழுதினாயா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னைத் தின்பது இந்தக் கேள்விதான். தெரியாமல் எழுதியிருந்தால், சொல்லாமல் விட்ட குற்றம் என்னுடையது. தெரிந்தே எழுதியிருந்தால், உன்னை அப்படி வளர்த்த குற்றமும் என்னுடையது. எந்தப் பக்கம் போனாலும் நான்தான் மாட்டுகிறேன். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் எட்டு மிஷினோடு கம்பெனி ஆரம்பித்தபோது திருப்பூரில் மிருகங்களுக்குப் பஞ்சம் வந்திருந்தது. சிங்கம், மான், மயில், கிளி, முயல் என்று காட்டில் உள்ளதெல்லாம் யாராவது ஒருத்தருடைய பனியன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சாமிகளும் தீர்ந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் நம் ஆட்கள் சரித்திரத்துக்குள் கையை விட்டார்கள். ஒருத்தர் பாண்டியனுடைய மீனை எடுத்துக்கொண்டார். ஒருத்தர் சேரனுடைய வில்லை, ஒருத்தர் சோழனுடைய புலியை. இன்னொருத்தர் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரனுடைய முத்திரையைத் தேடிப் பிடித்து அட்டைப்பெட்டியில் அச்சடித்தார். ஏதோ ஒரு பழைய சமஸ்தானத்துச் சிப்பாயின் தொப்பிச் சின்னம் ஜட்டி எலாஸ்டிக்கில் இடுப்பைச் சுற்றி ஓடியது. மூவேந்தரும் ஒருநாள் எழுந்து இந்த ஊருக்கு வந்தால், தங்கள் கொடியைத் தேடி உள்ளாடைக் கடைக்குத்தான் போகவேண்டும். போரில் தோற்றிருந்தால்கூட அந்தக் கொடிகள் இவ்வளவு கீழே இறங்கியிருக்காது. இதையெல்லாம் சொல்லி நான் ஊர் முழுக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எனக்கு ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டும் இருந்தேன்.

அது என் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தது. தேவசகாயம் அண்ணாச்சி அப்போது நம் கம்பெனி வாட்ச்மேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடும் ஒரே மகளோடும் பிழைக்க வந்தவர். பட்டாளத்தில் மலைமேல் பீரங்கி கொண்டுபோகிற படைப்பிரிவு ஒன்றில் வேலை பார்த்தவர். பாதை இல்லாத மலைகளில் பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள் முதுகில் கட்டிக் கொண்டுபோவார்களாம். அந்தப் பிரிவைச் சர்க்கார் கலைத்து, ஆட்களை வேறு வேறு இடத்துக்குப் பிரித்துவிட்டது. சின்னத்துக்கும் வேலை போய்விட்டது. ஆனால் இவர் மட்டும் தினம் காலையில் அந்தப் பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் தேய்த்து, தொப்பியில் குத்தி, ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவார். நம் கேட்டில் காவல் காக்க அப்படி என்ன இருந்தது? எட்டு மிஷினும் ஒரு நாயும். அந்த நாயும் நம்முடையது இல்லை. ஆனாலும் மனுஷன் தேசத்தின் எல்லை மண்ணரையில்தான் இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

சின்னத்தில் ஒரு கோவேறு கழுதை நின்றுகொண்டிருக்கும். முதுகில் பீரங்கிக் குழாய். சுற்றிலும் முறுக்கின கயிறு. எனக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு இதைக் குடுங்க, ஒருத்தர்கிட்டக் காட்டிட்டுத் தர்றேன்" என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கழற்றி, கைக்குட்டையில் சுற்றித் தந்தார்.

லேபிள் படம் போடுகிற ஆர்ட்டிஸ்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏனுங்க, இது கழுதைங்களா?" என்றான்.

"கோவேறு கழுதை" என்றேன்.

"பேரு நீளமா இருந்தா மட்டும் ஆச்சுங்களா? கழுதைப் படம் போட்ட பனியனை எவனுங்க மாட்டுவான்? மாமியா ஊட்டுக்குப் போறவன் நெஞ்சுல கழுதையோட போவானுங்களா?"

"செரி, என்ன பண்ணலாம்?"

"ரண்டு காதையும் கொறச்சுப்போடலாமுங்க. பிடரி கொஞ்சம் பறக்க உடலாம். குதிரையாயிருமுங்க."

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கழுதை குதிரையாகிவிட்டது. பீரங்கிக் குழாயும் கயிறும் அப்படியே இருக்கட்டும் என்றேன், அதில்தான் கம்பீரம் இருந்தது. "பட்டாளம் மார்க் பனியன்" பிறந்தது. சேர சோழ பாண்டியரை ஜட்டியில் ஏற்றினவர்களைப் பார்த்துச் சிரித்தவன், சிரித்த வாய் மூடுவதற்குள் ஒரு படைப்பிரிவையே மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

முதல் பெட்டிக்குப் பூஜை போட்டோம். முதல் பனியனை அண்ணாச்சிக்கே கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். அவர் லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "மொதலாளி, காது குறைஞ்சிருக்கே" என்றார்.

"குதிரைங்க அண்ணாச்சி. குதிரைக்குக் காது அவ்வளவுதான்."

"லெச்சுமிக்குப் பெரிய காதுல்லா" என்றார்.

லெச்சுமி என்பது அவர் பிடித்துக்கொண்டு நடந்த கோவேறு கழுதை. பனி மலையில் ஒருநாள் இவர் காய்ச்சலில் மயங்கி, ஆட்களை விட்டுப் பின்தங்கி விழுந்துவிட்டார். பீரங்கிக் குழாயை முதுகில் வைத்துக்கொண்டு அது இவர் பக்கத்தை விட்டு நகராமல் நின்றதாம். ஆட்கள் திரும்பித் தேடிக்கொண்டு வருகிறவரைக்கும். "வெள்ளைப் பனியில மனுசன் கிடந்தா தெரியாது பாத்துக்கிடுங்க. அவ காது ரெண்டும் தூரத்துல ஆடினதைப் பாத்துத்தான் வந்திருக்காவ" என்றார். படைப்பிரிவைக் கலைத்தபோது கழுதைகளை ஏலம் போட்டுவிட்டார்கள். யார் எடுத்தார்கள், எந்தச் சூளையில் செங்கல் சுமந்தது என்று தெரியாது.

இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாருங்க, கழுதை காப்பாத்தின வாட்ச்மேன் காப்பாத்தற கம்பெனி நம்முது" என்றேன். எட்டு டெய்லர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நம் பேச்சுக்கு நாலு பேர் சிரித்துவிட்டால், ஐந்தாவது ஆள் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது, முன்கோபம் வந்திருக்கிறது. இது மட்டும் வந்திருக்கக்கூடாது என்று பயப்படுகிறேன்.

பனியன் ஓடியது. ஓடினால் யாராவது காப்பியடிப்பான் என்று கோயம்புத்தூர் வக்கீலிடம் போனேன். சர்க்கார் பட்டாளச் சின்னத்தை எடுத்ததற்கு உள்ளே போட்டுவிடுவார்களோ என்று கேட்டேன். "நாலு தலைச் சிங்கத்தைத் தொட்டீங்கன்னாத்தான் வம்பு. இப்ப இருக்கற படையோட சின்னம்னாலும் வம்பு. இது கலைச்சுப் போட்ட படை. கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க" என்றார் அவர். ஒரு தாளை நீட்டினார். இந்தச் சின்னத்துக்குச் சொந்தக்காரன் நானே, எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இதில் பாத்தியதை இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கேட்கிறதற்கு ஆள் இல்லையாம். ஆள் என் கேட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணு. அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட்டும் வைத்தார்.

எவனும் ஆட்சேபிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அண்ணாச்சி உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். "இதுல என்ன எழுதிருக்கு மொதலாளி?"

"இந்தச் சின்னம் இனிமே எனக்குத்தான் சொந்தம்னு எழுதியிருக்குதுங்க."

"அப்பம் தொப்பில இருக்கது?"

எனக்கு நாக்கில் சனி. "அதுவும் எனக்குத்தான். இனிமே குத்தறதா இருந்தா வாடகை குடுத்துப்போடுங்க" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சத்தியமாக விளையாட்டுக்கு.

மறுநாள் அவர் தொப்பியில் சின்னம் இல்லை. இரண்டு ஓட்டைதான் இருந்தது. அதை நான் எப்போது கவனித்தேன்? மூன்று நாள் கழித்து. கவனித்தவுடனே "அண்ணாச்சி, நான் சும்மா சொன்னதுங்க" என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. கம்பெனி ஆட்கள் முன்னால் முதலாளி வாட்ச்மேனிடம் அசடு வழிவதா என்று ஒரு கௌரவம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த மாசக் கடைசியில், "வீரபாண்டிப் பக்கம் நம்ம பட்டாளத்து ஆளுக நாலஞ்சு பேர் இருக்காவ, அங்கன போறேன்" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். நீ ரெண்டு நாள் "சல்யூட் மாமா எங்கே?" என்று கேட்டாய். பெரிய சம்பளத்துக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். அதையும் நீ இன்றைக்குக் கழித்துக்கொள்.

அந்த லேபிளில்தான் எட்டு மிஷின் நாற்பதாச்சு. உன் படிப்பு, இந்த வீடு, போன தை மாசம் உன்னைப் பங்குதாரராகச் சேர்த்தேனே அந்தக் கம்பெனி, எல்லாவற்றையும் அந்தக் காது குறைந்த குதிரைதான் சுமந்துகொண்டு வந்தது. நீயும் கெட்டிக்காரன். வெளிநாட்டுக்காரனுக்குப் பட்டாளத்துச் சட்டை மாதிரியான உருப்படிகள்மேல் மோகம் வந்திருக்கிறது என்று எனக்கு முன்னால் மோப்பம் பிடித்தாய். சின்னம் முழுக்க உங்களுடையதுதானா, வேறு யாரும் போடவில்லையே என்று பையர் கேட்டான். வீரபாண்டியில் யாரோ கிழவர்கள் அதேபோல ஒன்றைப் பனியன் நெஞ்சில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று உன் சாயப்பட்டறை சிநேகிதன் வந்து சொன்னான். நான் "உட்ருடா, பாவம்" என்றதற்கு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அப்பா, இன்னிக்கு நாம உட்டோம்னா நாளைக்கு இன்னொருத்தன் எடுத்துக்குவான். அவன் இவங்களையும் உடமாட்டான், நம்மளையும் உடமாட்டான்." உண்மைதான். இந்த ஊர் அப்படிப்பட்டதுதான். யார் அந்தக் கிழவர்கள் என்று மட்டும் நான் சொல்லாமல் விட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மா காலையில் பத்திரிகைக் கவர்களை மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாக மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். நேரில் போய் வைக்கவேண்டிய அழைப்பெல்லாம் ஒரு பக்கம். திடீரென்று ஒரு கவரைத் தூக்கிப் பிடித்தாள். "ஏனுங்க, இங்க பாருங்க. நம்ம தேவசகாயம் அண்ணனுக்குப் பையன் தன் கையால பேரெழுதி வெச்சிருக்கறான். இத்தனை வருஷமாச்சு, மறக்கலீங்க பாருங்க" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்தக் கவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே மஞ்சள் வைத்தாள். ஒட்டியிருந்ததால் பிரித்துப் பார்க்கவில்லை. நோட்டீஸ் வந்து வீட்டில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. அப்பன் சொல்லாமல் விட்டதை மகன் செய்துவிட்டான் என்று நினைத்தேன். "மொத அழைப்பு அங்கதான்" என்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மொபெட்டில் புறப்பட்டேன். பட்டத்து யானைமேல் போகிறவன்கூட அவ்வளவு நிமிர்ந்து போயிருக்கமாட்டான்.

சங்கம் என்றால் ஒரு தகரக் கூரை அறை, மேலே அந்தச் சின்னம் போட்ட ஒரு பெயர்ப் பலகை. வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், இடுப்புயரம். செத்துப்போன தங்கள் ஆட்களுக்காகத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் சொல்லிச் செதுக்கின கல். அதில் கோவேறு கழுதை, முதுகில் குழாய், சுற்றிக் கயிறு. காது இரண்டும் நீளமாக, ஒன்று லேசாக முன்னால் சாய்ந்து, யாரையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல. அண்ணாச்சி தலை நரைத்துப்போய் வெளியே வந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "கண்ணுக்குக் கல்யாணமா மொதலாளி? கேட்டுல ஏறி விளையாடுவானே!" என்றார். தாம்பாளத்திலிருந்து கவரை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் மகள் ரோஸ்லின் இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பிரித்துப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் பத்திரிகையால்லா இருக்கு, நீ படி மக்ளே" என்று அவளிடம் கொடுத்தார்.

அவள் இரண்டு வரி படித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். மேற்படி சின்னம் எங்கள் கட்சிக்காரருக்கே முழு உரிமையானது. அதுபோலவோ அதை ஒத்ததாகவோ உள்ள எதையும் பயன்படுத்துவது குற்றம். பதினைந்து நாளைக்குள் பனியன்களையும் அச்சையும் ஒப்படைக்கவேண்டும். பலகையிலும் கல்லிலும் உள்ளதை அழிக்கவேண்டும்.

கண்ணு, தேங்காய் பழத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். வாயைத் திறந்தால் கூட்டத்தையே சிரிக்கவைக்கிற வாய். "ஆள் மாறி... கவர் மாறி..." என்று ஏதோ உளறினேன்.

"இவ்வளவு மஞ்சள் வெச்சு நோட்டீஸ் குடுக்கத இந்த ஊர்லதான் பாக்கேன்" என்றாள் ரோஸ்லின். "கெட்டி மேளத்தையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"சும்ம இரு மக்ளே. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட என்ன பேச்சு" என்றார் அண்ணாச்சி. தாளை வாங்கி மடித்தார். மஞ்சள் வைத்த வெறும் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உள்ளே ஏசுநாதர் படத்துக்குக் கீழே வைத்தார். திரும்பி வந்து, "கல்யாணம் என்னைக்கு மொதலாளி?" என்றார்.

"வைகாசி... இன்னும் பன்னெண்டு நாளுங்க."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். "பதினஞ்சு நாள் குடுத்திருக்காவ. அப்பம் சரிதான். கல்யாணத்துக்கு வந்து பிள்ளையைப் பாத்துட்டு, மறுநா கல்லுல கையை வைக்கேன். முன்னாலயே எடுத்தா அபசகுனம்லா." அப்புறம் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அழிக்கதுக்குப் பதிலா காதை மட்டும் கொத்திவிடச் சொல்லலாமா மொதலாளி? வேண்டாம். காதை எடுத்துட்டா அப்புறம் அது உங்க குதிரையாயிரும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டம் தெரியாத மனுஷன் ஒரு சந்தேகம் கேட்டார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்துவிட்டேன். உண்மையான பத்திரிகையை வைக்கக்கூட இல்லை. எந்த மண்டபம், எத்தனை மணி முகூர்த்தம், ஒன்றும் அவரிடம் இல்லை. வெறும் கவர்தான் இருக்கிறது. கூப்பிட்டாச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கம்மா அந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தவள் இரண்டு நாள் வெளியே எடுக்கவில்லை. நான் வக்கீலிடம் போனேன். விட்டுவிட்டால் இன்னொருத்தன் எடுத்துக்கொள்வான் என்று நீ சொன்னதைத்தான் கேட்டேன். எழுத்து மூலமாக அந்தச் சங்கத்துக்கே உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டால் எவனும் எடுக்கமுடியாது என்கிறார். நாம் போடவேண்டுமானால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் போடலாம். சம்மதிக்காமலும் போகலாம். ரோஸ்லின் சம்மதிக்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. பையர் கை நழுவலாம். நான் ஒன்றும் தியாகி இல்லை. நாற்பது மிஷின்முன் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன், அடுத்த மாசம் இவர்களுக்கு வேலை இருக்குமா என்று பயமாக இருக்கிறது. கல்யாணம் முடிந்து அந்தப் பெண் நம் வீட்டுக்குள் வரும்போது என்ன கம்பெனியைக் காட்டப்போகிறோம் என்று பயமாக இருக்கிறது. காலையில் ஒரு பயம், மத்தியானம் ஒரு பயம் என்று ஷிப்ட் போட்டு வருகிறது. ஆனால் முகூர்த்த நேரத்தில் மண்டப வாசலில் அவர் அந்த ஓட்டைத் தொப்பியோடு வந்து நின்று உனக்கு சல்யூட் வைத்து, மறுநாள் காலையில் போய் அந்தக் கல்லைக் கொத்துவாரே, அதை நினைக்கும்போது வருகிற பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு. இந்த ஒரு வாக்கியத்தில் நான் எதையும் பெருக்கவில்லை.

உரிமை மாற்றுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு பங்குதாரரும் போடவேண்டுமாம். உன் இடம் காலியாக இருக்கிறது. நீ போடாவிட்டால் நான் உன்னோடு சண்டை போடமாட்டேன். அன்றைக்கு நாலு வார்த்தை சொல்ல முடியாத நான் இன்றைக்கு உன்னை என்ன கேட்பது? ஆனால் தயவுசெய்து, முடிவு எதுவானாலும் தபாலில் அனுப்பாதே. நேரில் போ. அந்தக் கல்லின்முன் நின்று சொல்.

உங்கம்மா இன்று காலையில் மஞ்சள் கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். கல்யாணப் பத்திரிகையை ஒரு புதுக் கவரில் போட்டு, நாலு மூலையிலும் வைத்து, மேசைமேல் வைத்திருக்கிறாள். பத்திரம் பக்கத்திலேயே இருக்கிறது, பேனாவும். பெயர் நீயே எழுதிக்கொள். கவரை நாங்கள் ஒட்டவில்லை, கண்ணு. உள்ளே இன்னொரு தாளுக்கு இடம் இருக்கிறது.

உன் அப்பன்